பத்திரம் என்றால் எந்தப் பத்திரம்?

மலையில் நிலம், கடன், சேமிப்பு மூன்றுக்கும் ‘பத்திரம்’ என்ற ஒரே சொல்தான். நீலகிரி, கொடைக்கானல் பக்கமிருந்து எங்களுக்கு வந்த கேள்விகளில் பாதிக் குழப்பம் இதனால்தான்.

20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி 60 சென்ட் தேயிலைத் தோட்டம் வாங்கினோம். முழுப் பணமும் கொடுத்தாச்சு. செல்லுமா? (கோத்தகிரி)

உங்களிடம் இருப்பது முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம். கிரயப் பத்திரம் (விற்பனை ஆவணம்) இல்லை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவானால்தான் உரிமை மாறும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 54. கிரயப் பத்திரம் எழுதிப் பதிய, விற்றவர் இருக்கும்போதே சார்பதிவகத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள். அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டிவரும்; வெளியூரில் இருக்கும் ஒருவர் மறுத்தாலே வேலை நின்றுவிடும்.

போவதற்கு முன் வில்லங்கச் சான்று (நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம்) எடுத்து, தாய்ப் பத்திரத்தையும் (விற்றவரிடம் உள்ள முந்தைய கிரயப் பத்திரம்) பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய பத்திரத்தில் சர்வே எண் 212/1 என்றிருக்கும். உட்பிரிவான பின் பட்டாவில் 212/1பி என்றிருக்கும். பழைய எண்ணையே எழுதிப் பதிந்தால் பட்டா மாறுதலில் இடிக்கும். ‘கிழக்கே ஓடை’ என்பதுபோலப் பத்திரத்தில் சொன்ன நான்கெல்லையையும் நேரில் நடந்து சரிபாருங்கள். செலவு, முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. கிரயத் தொகை, வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த நில மதிப்பு) இரண்டில் எது அதிகமோ அதற்கு. கிரயப் பத்திரம் கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

முத்திரைத்தாள் வாங்கி ஒரு வருஷமாச்சு. காலாவதியா? (குன்னூர்)

இல்லை. 6 மாதக் கெடு, பயன்படுத்தாத தாளைக் கொடுத்துப் பணம் திரும்பப் பெறுவதற்கு மட்டும். உச்ச நீதிமன்றம் 2008இலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது.

வீட்டுக் கடன் முடிந்து பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. வில்லங்கத்தில் இன்னும் அடமானம் காட்டுகிறதே? (கொடைக்கானல்)

மூலப் பத்திரம் திரும்பியதும் பதிவேட்டில் அடமானம் நீங்குவதும் வேறு வேறு. வங்கியிடம் ரசீது ஆவணம் (கடன் தீர்ந்தது என்று எழுதித் தருவது) எழுதி வாங்கிச் சார்பதிவகத்தில் பதியுங்கள். பதியும் வரை வாங்க வருபவர் தயங்கத்தான் செய்வார். கடன் முடிந்த 30 நாளில் மூல ஆவணங்களைத் தராத வங்கி, தாமதம் தன்னுடையதென்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2023 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

பூண்டு விதைக்கப் பணம் கொடுத்து, கடன் பத்திரம் வாங்கினேன். எவ்வளவு நாள் செல்லும்? (பூம்பாறை)

ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டைத்தான் சொல்கிறீர்கள். கேட்கும்போது தருவதாக எழுதியிருந்தால், எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் வட்டியோ அசலோ வந்தால், கொடுத்தவரே நோட்டின் பின்புறம் தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்திடட்டும். அன்றிலிருந்து 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். நீங்களே எழுதிக்கொண்டால் பயனில்லை.

தங்கப் பத்திரத்தையும் பதிய வேண்டுமா? (உதகை)

வேண்டாம். அது ரிசர்வ் வங்கி வெளியிட்ட அரசுக் கடன் பத்திரம். 8 ஆண்டு முதிர்வு, வெளியீட்டு விலைக்கு ஆண்டுக்கு 2.5% வட்டி, 5 ஆண்டு முடிந்தபின் வட்டி தரும் தேதிகளில் முன்கூட்டியே பணமாக்கலாம். வாரிசு நியமனம் இருக்கிறதா என்று மட்டும் இன்றே பாருங்கள்.

‘பத்திரமா வை’ என்பதும் இதே சொல்லா? (பண்ணைக்காடு)

இல்லை. ஆவணம், ஏடு என்ற பொருளில் வருவது வடமொழி ‘பத்ர’ (patra). பாதுகாப்பைச் சொல்வது ‘பத்ர’ (bhadra) என்று உரத்து ஒலிக்கும் வேறொரு சொல், ‘பத்ரகாளி’யில் வருவது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.