ஏழாவது படிக்கற பையன் கிளாஸ்ல உக்காரவே மாட்டேங்கறான், டிசி குடுக்கறதைத் தவிர வழி இருக்கா?

குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க. ஏழாவதுல 46 பிள்ளைங்க, ஒரு பையன் மட்டும் எழுந்து சுத்திகினே இருக்கான், பக்கத்துல இருக்கறவனை சீண்டறான், அம்மா பீடி சுத்தறவங்க, கூப்ட்டா வந்து அழுதுட்டுப் போறாங்க, எச்எம் டிசி குடுத்துடலாம்ன்றாராம்.

டீச்சர், டிசி பேச்சே வேணாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 16வது பிரிவுல எட்டாவது முடியற வரைக்கும் பிள்ளைய வெளிய அனுப்பக் கூடாதுன்னு இருக்கு, 17வது பிரிவுல அடிக்கவும் கூடாது. எச்எம் கிட்ட நீங்க சொன்னா கோச்சுக்குவார்னா பிரிண்ட் எடுத்து டேபிள் மேல வெச்சுட்டு வந்துடுங்க.

இந்த மாதிரி பசங்களுக்கு பல நாட்டு ஸ்கூல்ல 'செக் இன் செக் அவுட்'னு ஒண்ணு பண்றாங்க, காலைல அவனுக்குப் பிடிச்ச ஒரு டீச்சரை ரெண்டு நிமிஷம் பாப்பான், கைல ஒரு கார்டு, ஒவ்வொரு பீரியட் முடிஞ்சதும் 0, 1, 2ன்னு மார்க், சாயந்திரம் அதே டீச்சர் கிட்ட காட்டிட்டுப் போவான், அவ்ளோதான். ஆனா கார்டு அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நோட்ல எழுதுங்க: எந்த பீரியட், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அவன் என்ன பண்ணான், அப்புறம் என்ன கிடைச்சுது. நீங்க திட்டறதும் கிளாஸே திரும்பிப் பாக்கறதும் அவனுக்கு சோறு மாதிரின்னா கார்டு நல்லா வேலை செய்யும், ஏன்னா அதே கவனிப்பை நல்ல வழில குடுக்கறோம். ஆனா வாசிக்கச் சொல்றப்ப மட்டும் எழுந்து ஓடறான்னா அவன் தப்பிக்கறான், கார்டு பத்தாது, பக்கத்துல உக்காந்து வாசிக்கக் கத்துக்குடுக்கணும். மூணாவது நாலாவது பீரியட்லயே வருதுன்னா காலைல சாப்ட்டியாடான்னு ஒரு வார்த்தை கேளுங்க. காலை உணவுத் திட்டம் 2022ல வந்தப்பவே அஞ்சாவது வரைக்கும்தான், இவன் ஏழாவது.

கார்டுல 'சத்தம் போடாதே'ன்னு எழுதிடாதீங்க. நான் முதல்ல போட்ட கார்டு பூரா 'கூடாது, கூடாது'தான், அந்தப் பையன் அதை கப்பல் பண்ணி தண்ணித் தொட்டில வுட்டுட்டான், அவன் மேல தப்பில்ல. 'கையத் தூக்கிட்டுப் பேசறேன்', 'என் இடத்துல உக்காந்திருக்கேன்', 'கேட்டுட்டு எடுக்கறேன்', மூணு போதும். ஒரு பீரியடுக்கு ஒவ்வொண்ணுக்கும் 2 மார்க் வரைக்கும், எட்டு பீரியடுக்கு மொத்தம் 48 மார்க். புக்ல 80 சதவீதம் டார்கெட்னு இருக்கும், அதாவது 39, ஆனா உங்க பையன் இப்ப 20 தான் வாங்கறான்னா முதல் வாரம் 24 வெய்ங்க, ஜெயிச்சு ருசி கண்டாதான் மேல வருவான். பரிசு காசு வேணாம், பெல் அடிக்கற வேலை, போர்டு துடைக்கற வேலை குடுத்துப் பாருங்க.

அம்மாவுக்கு படிக்க வராதுன்னா ஸ்டார் போட்டு அனுப்புங்க. ஆனா கம்மி மார்க் வந்த நாள்ல கார்டு வீட்டுக்குப் போனா முதுகுல விழும், அதனால முன்னாடியே அந்தம்மா கிட்ட 'இதப் பாத்து அடிக்கக் கூடாதும்மா, நல்லா வந்தா மட்டும் தட்டிக்குடுங்க'ன்னு சொல்லி வெச்சிடுங்க.

நாலஞ்சு வாரம் மார்க்கை கிராஃப் மாதிரி கோடு போட்டுப் பாருங்க. ஏறுதுன்னா மெதுவா மார்க் போடறதை அவன் கைலயே குடுத்துடலாம். அசையவே இல்லன்னா கண்ணு, காது ஒருதரம் செக் பண்ணச் சொல்லிட்டு, வேலூர் பாகாயத்துல இருக்கற சிஎம்சி ஆஸ்பத்திரி மனநல மையத்துல பிள்ளைங்களுக்குன்னு தனி யூனிட் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, உங்க ஒரு வார நோட்டையும் குடுத்து அனுப்புங்க, டாக்டர் முதல்ல கேக்கறது அதுதான்.