புள்ளிக்கு அடுத்த புள்ளி

ஐயா, ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள், ‘புள்ளிக்கு நீளம், அகலம் எதுவும் இல்லையாமே, அப்புறம் புள்ளிகள் சேர்ந்து எப்படிக் கோடு வரும்?’ என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாமல் வரையறையை மனப்பாடம் செய் என்று சொல்லிவிட்டேன். டியூஷனை மாற்றலாமா?
எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

அந்தக் குழந்தையை அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனது வந்தது? பெரிய பெரிய கணித அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட இடத்துக்கு அவள் தானாகவே வந்திருக்கிறாள்.

புள்ளிகளை ஒட்டவைத்துக் கோடு உண்டாவதில்லை. கோட்டில் எந்தப் புள்ளிக்கும் ‘அடுத்த புள்ளி’ கிடையாது. எவ்வளவு நெருக்கமான இரண்டை எடுத்தாலும் நடுவில் இன்னொன்று இருக்கும். மிச்சத்தைக் கல்லூரியில் படித்துக்கொள்வாள்.

என்னை உறுத்துவது அந்த மனப்பாடம்தான். கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் ‘பகுதி இல்லாதது புள்ளி’ என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் அந்த வாக்கியத்தை வைத்து அவர் எதையும் நிரூபிக்கவில்லை. அவருக்குக் கைகொடுத்தது, எந்த இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைக்கலாம் என்ற எடுகோள், அதாவது நிரூபிக்காமலே ஏற்றுக்கொண்ட கூற்று. 1899இல் ஜெர்மன் கணித அறிஞர் ஹில்பர்ட் வரையறையையே விட்டுவிட்டார். புள்ளி, கோடு, தளம் (தட்டையான பரப்பு) என்றால் என்ன என்று அவர் சொல்லவே இல்லை. ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று மட்டும் சொன்னார். இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு கோடு. ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் வழியே ஒரே ஒரு தளம். கோட்டின் இரண்டு புள்ளிகள் ஒரு தளத்தில் இருந்தால் முழுக்கோடும் அதில்தான்.

என் சித்தப்பா சர்வேயில் செயின்மேனாக, அதாவது நிலம் அளக்கும் சங்கிலி பிடிப்பவராக இருந்தார். விடுமுறையில் கூடவே போவேன். தூரத்தில் இரண்டு கம்பு நட்டிருக்கும். ஒற்றைக் கண்ணால் பார்த்து, “கொஞ்சம் இடது பக்கம், இன்னும், சரி!” என்று மூன்றாவது கம்பை நடுவில் நடவைப்பார். மூன்றும் ஒன்றின் பின் ஒன்றாக மறைந்துவிடும். தரையில் யாரும் கோடு போடவில்லை, ஆனால் கோடு அங்கே இருந்தது! கருவியை நிறுத்தும் முக்காலி எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது. மூன்று கால் நுனிகளுக்கு எப்போதும் ஒரு தளம் உண்டு. நான்காவது நுனி அதே தளத்தில் விழும் என்பதற்கு உத்தரவாதமில்லை, ஸ்டூல் ஆடுவது அதனால்தான். வரையறை ஒப்பிக்கத் தெரியாத மனிதர் எனக்குக் கற்றுக்கொடுத்த வடிவியல் இது.

டியூஷனை மாற்றுவது உங்கள் விருப்பம். அதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, நீ கேட்டது சரியான கேள்வி, எனக்குத்தான் பதில் தெரியவில்லை என்று சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.