மரச்செக்கு எண்ணெயை பாட்டிலில் நிரப்ப நான்கு நாசில் தானியங்கி மெஷின் வாங்கலாமா?

மாதம் 3,000 லிட்டர் எண்ணெய் எடுப்பதாகவும், கையால் ஊற்றி மாளவில்லை என்றும், நான்கு நாசில் (எண்ணெய் ஊற்றும் குழாய்முனை) உள்ள மெஷினை ஒருவர் நல்ல விலைக்குத் தருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விற்பவர் அதைத் தண்ணீரை வைத்துத்தான் ஓட்டிக் காட்டியிருப்பார். எனக்கும் அப்படித்தான் காட்டினார்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

காங்கேயம் பக்கம் எங்களுக்கு இரண்டு செக்கு ஓடுகின்றன. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், கொஞ்சம் தேங்காய் எண்ணெய். நான் முதலில் வாங்கியதும் நான்கு நாசில்தான். மேலே தொட்டி, கீழே வால்வு. குறித்த விநாடிகள் திறந்து மூடும். தண்ணீரில் ஒரு சொட்டு பிசகவில்லை. பட்டறைக்குக் கொண்டுவந்து எண்ணெயை ஊற்றிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. எண்ணெய் குளிர்ந்தால் தடித்துவிடும். 40 டிகிரியில் இருப்பதைவிட 20 டிகிரியில் ஏறத்தாழ இரண்டு மடங்கு தடிப்பு. மார்கழிக் காலையில் விநாடியைக் கூட்டுவோம், வெயில் ஏறியதும் குறைப்போம்; அதற்குள் ஐம்பது பாட்டில் அளவு மாறிப் போயிருக்கும். தொட்டியில் எண்ணெய் இறங்க இறங்க அழுத்தமும் குறையும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் ஈரோட்டுக் கடைக்காரர் அழைத்தார். "அக்கா, லேபிளில் 910 கிராம் என்று இருக்கிறது. எண்ணெய் 880தான் நிற்கிறது. வாடிக்கையாளர் என் முன்னால் எடை போட்டுக் காட்டிவிட்டுப் போகிறார்" என்றார். தொட்டி கால்வாசிக்கு இறங்கிய பிறகு நிரப்பிய பாட்டில்கள் அவை. 30 கிராம் என்றால் 30 மில்லிக்கும் மேல். பாட்டிலின் தோள் வளைவில் அந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது. 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகளில் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 15 மில்லிதான். சராசரி அளவோ குறையவே கூடாது. அனுப்பிய 312 பாட்டில்களையும் வண்டி வைத்துத் திரும்ப எடுத்துவந்தேன். நானும் மாமியாரும் மூடியைத் திறந்து, தராசில் வைத்து, ஒவ்வொன்றாக ஊற்றி நிறைத்தோம். இரவு இரண்டு மணி ஆயிற்று. எண்ணெயின் தரத்தில் ஒரு குறையும் இல்லாமலே திருடி என்ற பெயர் வாங்கப் பார்த்தேன். அது இன்னும் வலிக்கிறது.

அந்த வகை மெஷினே கூடாது என்று நான் சொல்லவில்லை. பினாயில், பன்னீர் போல் தண்ணீராக ஓடுவதற்கு அது நன்றாகவே உழைக்கும். தொட்டியின் மட்டம் மாறாமல் மிதவை வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அழுத்தம் சரியாகும், உண்மைதான். தடிப்பை மிதவை என்ன செய்யும்?

இப்போது என்னிடம் இருப்பது இரண்டு நாசில் பிஸ்டன் மெஷின், பாதித் தானியங்கி. சிலிண்டர் நிறைய இழுத்து அப்படியே தள்ளுவதால் எண்ணெய் தடித்தாலும் அளவு பெரிதாக மாறாது. நிமிடத்துக்கு எட்டு பாட்டில் வருகிறது. உங்கள் 3,000 லிட்டருக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது பாட்டில்கூட வராதே, நான்கு நாசில் எதற்கு? ஆனால் இதற்குக் காற்றழுத்தம் வேண்டும். கம்ப்ரசர் விலையைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம் எதில் செய்தது என்று கேளுங்கள். சாதாரண ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். நைட்ரைல் அல்லது டெஃப்லான் வேண்டும். கசண்டு முழுக்க இறங்காத எண்ணெயை விடாதீர்கள், சிலிண்டரில் கீறல் விழும். சொட்டு நிறுத்தும் நாசிலும் அவசியம். ஒரு சொட்டு பாட்டிலின் வெளியே வழிந்தாலும் லேபிள் ஒட்டாது.

பிஸ்டன் அளப்பது கனஅளவை. வெயிலில் எண்ணெய் விரிவதால் அதே ஒரு லிட்டர் எடை குறையும். 15 டிகிரி வித்தியாசத்துக்குப் பத்து கிராம் அளவுக்கு மாறும். 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் லேபிளில் எடையையும் போடச் சொன்ன பிறகு இது முக்கியமாகிவிட்டது. அதனால் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஐந்து பாட்டில் எடை போட்டு நோட்டில் எழுதுகிறோம். எடை பார்த்தே நிரப்பும் மெஷின் இதைவிடச் சிறந்தது, மறுக்கவில்லை. அந்தப் பணம் என்னிடம் இல்லை.

ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்குப் போட்டு 110 நாளாகிறது, பணம் வரவில்லை. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006லேயே சட்டம் வந்துவிட்டது. கேட்டால் "அடுத்த ஆர்டர் வேண்டாமா?" என்கிறார்கள். எள் வியாபாரி எனக்கு 110 நாள் தவணை தருவாரா? மெஷின் கடன் தவணை மாதம் தவறாமல் பிடிக்கப்படுகிறதே. புகார் கொடுத்தால் அலமாரியில் இடம் போய்விடும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் எண்ணெய் இருபது லிட்டர், உங்கள் பாட்டில், மூடி, உங்கள் தராசு எல்லாவற்றையும் அவர் பட்டறைக்கே எடுத்துச் செல்லுங்கள். அதிகாலையில் போய், வெயில் ஏறும்வரை இருந்து, இரண்டு வேளையும் நிரப்பிப் பாருங்கள். காலி பாட்டில்களையும் தனித்தனியே எடை போட்டுக் கழியுங்கள். கண்ணாடி பாட்டிலில் ஒன்றுக்கொன்று எடை நிறைய மாறும். தேங்காய் எண்ணெயும் நிரப்புவதாக இருந்தால் தொட்டியைச் சூடாக்கும் வசதியைக் கேளுங்கள், 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். இதற்கெல்லாம் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

பாட்டில் கண்ணாடியா, பெட் பிளாஸ்டிக்கா, வாய் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். என் மெஷினின் நாசில் அதற்குள் இறங்குமா என்று அளந்து பார்த்துச் சொல்கிறேன்.