திருகோணமலையில் இருந்துகொண்டே புவி, சுற்றாடல் பாடங்களில் ஓர் ஆசிரியர் வளர என்ன வழி?

கேள்வி கேட்ட ரீச்சர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். தரம் 6 முதல் 11 வரை புவியியல் படிப்பிக்கிறார். ஆள் பற்றாக்குறையால் கீழ் வகுப்புகளுக்கு விஞ்ஞானமும் அவர் தலையில்தான். கல்வி வலயத்தில் வைக்கும் செயலமர்வுகளை விட்டால் வேறு பயிற்சி வாய்ப்புகள் உண்டா என்று கேட்கிறார். கொழும்புக்கு அடிக்கடி போக முடியாதாம், ஆங்கிலமும் கொஞ்சம் தடுமாற்றமாம்.

இருக்கிறது ரீச்சர், நிறையவே இருக்கிறது. நானும் இதே மாவட்டத்தில் நெடுங்காலமாகப் புவியியல் படிப்பிக்கிறவன். என் அபிப்பிராயம் இதுதான்: முதலில் பயிற்சிநெறியைத் தேடாதீர்கள். நம்முடைய மாவட்டத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, அதை அளக்கத் தொடங்குங்கள். மழையாக இருக்கலாம், கிணற்று நீர்மட்டமாக இருக்கலாம், கடற்கரை மணலாக இருக்கலாம். அதற்குப் பிறகு எந்தச் செயலமர்வுக்குப் போனாலும் உங்கள் கையில் ஒரு கேள்வி இருக்கும். கேள்வியோடு போகிற ஆசிரியர் அரை நாளில் படிப்பதை, கேள்வி இல்லாமல் போகிறவர் மூன்று நாள் இருந்தாலும் படிக்க மாட்டார்.

நம் பாடத்திட்டத்தில் புவி விஞ்ஞானம் என்று தனிப் பாடம் இல்லை. பாறையும் வானிலையும் நீர்வட்டமும் புவியியலிலும் வருகின்றன, விஞ்ஞானத்திலும் வருகின்றன. புவியியல் ஆசிரியர் பெரும்பாலும் கலைப் பட்டதாரி, ஆய்வுகூடப் பக்கம் போயிருக்க மாட்டார். விஞ்ஞான ஆசிரியர் உயிரியல் பக்கத்திலிருந்து வந்திருப்பார், இடவிளக்கப்படத்தை விரித்துப் பார்த்திருக்க மாட்டார். அதனால் உங்களுடைய முதல் பயிற்றுநர் ஆசிரியர் அறையில் பக்கத்து மேசையில்தான் இருக்கிறார். அவரிடம் வெப்பமானி பிடிக்கப் பழகுங்கள், அவருக்கு இடவிளக்கப்படத்தில் நில உயரத்தைக் காட்டும் சமவுயரக் கோடு வாசிக்கக் காட்டுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவது ஆள் தானாக வருவார்.

அரச வழிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வலயத்தில் உங்கள் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகர் இருப்பார். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கந்தளாய், கிண்ணியா, மூதூர் என்று மாவட்டத்தில் ஐந்து வலயங்கள் இருக்கின்றன. ஒரு வலயத்தில் உங்கள் பாடத்துக்கு ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வலயத்தில் கேட்கலாம். அவர் வைக்கிற செயலமர்வுக்குப் போய் இருந்துவிட்டு வராமல், "எங்களுக்கு இந்த அலகில்தான் கஷ்டம், அடுத்த முறை இதை எடுங்கள்" என்று நான்கைந்து ஆசிரியர்கள் கையெழுத்து வைத்து முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். பாறைகளைப் பற்றிய ஒருநாள் செயலமர்வு ஒன்றில் காலை முதல் பின்நேரம் வரை திரையில் படம் பார்த்துவிட்டு, ஒரு கல்லைக்கூடத் தொடாமல் வீடு வந்திருக்கிறேன். பயிற்றுவிக்க வந்தவரைக் குறை சொல்லவில்லை, கல் வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

மகரகமை தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் தமிழிலேயே இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் இருக்கும் செயற்பாடுகளை நம்மில் பலர் புரட்டுவதே இல்லை, நேரே பாடப்புத்தகத்துக்குப் போய்விடுகிறோம். பட்டப்பின் கல்வி டிப்ளோமா இன்னும் முடிக்கவில்லை என்றால் அதை முடியுங்கள். திறந்த பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எல்லாம் தமிழில் நடத்துகின்றன. பதவி உயர்வுக்கு அது வேண்டும், உங்கள் சுயவிபரக் கோவையில் இருக்க வேண்டும். ஆனால் அது கல்வியியல். பாறையும் கடலும் அதில் பெரிதாக வராது. பாட அறிவையே ஆழப்படுத்த ஆசை இருந்தால் பேராதனையில் உள்ள பட்டப்பின் விஞ்ஞான நிறுவகத்தில் வார இறுதி முதுமாணிப் படிப்புகள் இருக்கின்றன. ஆங்கில மூலம், செலவும் பயணமும் உண்டு. உங்கள் பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் அவசரப்பட வேண்டாம்.

இனி, எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி. ரீச்சர், நாம் இருப்பது எந்த இடத்தில் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். நாட்டின் மிக நீண்ட ஆறான மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து நம்முடைய கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அந்தக் குடாவிலிருந்தே கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்குத் தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் ஆழ்கடல் இருப்பதால்தான் நீலத் திமிங்கிலத்தைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வடக்கே புல்மோட்டையில் கனிம மணல், நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவில் பவளப்பாறை, நகரத்துக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீரூற்று. பல்கலைக்கழகங்கள் பேருந்து பிடித்து வந்து பார்க்கிற இடங்கள் இவை. நாம் கலியாண வீட்டுக்குப் போகிற வழியில் கடந்து போகிறோம்.

கன்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கிணறுகள், அடுத்தடுத்து, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். இராவணன் தாயின் கிரியைக்காக வந்த ஊற்று என்று நம் சனங்கள் சொல்வார்கள், இன்றைக்கும் அங்கே பிதிர்க்கடன் செய்கிறார்கள். அதற்குரிய மரியாதையோடுதான் நாமும் போக வேண்டும். வகுப்பில் கேட்டால் பாதிப் பிள்ளைகள் "அடியில் எரிமலை இருக்கிறது சேர்" என்பார்கள். ஆசிரியர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இலங்கையில் எரிமலை கிடையாது. நம் நாட்டின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மிகப் பழைய உருமாறிய பாறை. மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு வெடிப்பு வழியாக ஆறுவதற்கு முன் மேலே வந்துவிடுகிறது. நாட்டின் மற்ற வெந்நீரூற்றுகளும் பெரும்பாலும் கிழக்குப் பக்கமாக, இரண்டு பெரிய பாறைத் தொகுதிகள் சந்திக்கிற எல்லையை ஒட்டியே வரிசையாக இருக்கின்றன.

எங்கள் ஆசிரியர் குழு அங்கே போனபோது செய்தது சின்ன வேலைதான். குளிக்க ஆட்கள் வரமுன், விடியக்காலையில் போனோம். இலக்கமுறை வெப்பமானியை நூலில் கட்டி ஒவ்வொரு கிணற்றிலும் இறக்கி எழுதினோம். பாதரச வெப்பமானி கொண்டுபோகாதீர்கள், உடைந்தால் பெரிய வில்லங்கம். பிறகு அங்கேயே மரநிழலில் இருந்து கணக்குப் போட்டோம். ஆழம் ஒரு கிலோமீற்றர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 25 பாகை கூடும். மேற்பரப்பு 28 பாகை, ஊற்று 40 பாகை என்று வைத்தால், அந்த நீர் குறைந்தது அரைக் கிலோமீற்றர் ஆழமாவது போய் வந்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு கணித ஆசிரியர் "வருகிற வழியில் ஆறியிருக்குமே, குளிர்ந்த நீரும் கலந்திருக்குமே, அப்படியென்றால் இன்னும் ஆழமல்லவா?" என்று கேட்டார். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் சூடு ஏன் வேறுபடுகிறது என்ற பேச்சு அதிலிருந்து தொடங்கி மதியம் வரை போனது. நான் போன எந்தச் செயலமர்விலும் அப்படி ஒரு விவாதம் நடந்ததில்லை.

புல்மோட்டை மணலும் அப்படித்தான். அந்தக் கறுப்பு மணலில் பெரும்பங்கு இல்மனைற்று என்ற பாரமான கனிமம், கூடவே உரூத்தைல், சேர்க்கன், இன்னும் சில கனிமங்கள். தட்டில் தண்ணீரோடு சுழற்றினால் பாரமான கறுப்பு நடுவில் தங்கும், பளிங்கு மணல் விளிம்புக்குப் போகும். இல்மனைற்றின் அடர்த்தி சாதாரண மணலை விட ஒன்றரை மடங்குக்கும் மேல். காய்ந்த மணலில், பழைய கணினி வன்தட்டிலிருந்து கழற்றிய வலுவான காந்தத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு மேலால் இழுத்தால் கறுப்பு மட்டும் மேலே தாவும். அலை இந்த வேலையை ஆயிரக்கணக்கான வருடமாகச் செய்திருக்கிறது என்பதைப் பிள்ளைக்கு வேறெப்படி விளங்கவைப்பீர்கள்? மணலை நினைத்தபடி அள்ளக் கூடாது. அதிபர் மூலம் கடிதம் எழுதி அனுமதி எடுங்கள். அங்கே வேலை செய்பவர்களையே பேச அழைப்பதும் நல்லது.

2004 ஆழிப்பேரலையைப் படிப்பிப்பது வேறு விதமான பொறுப்பு. இப்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுடைய வீடுகளில் இழப்பு இருக்கும். கிண்ணியாவிலும் மூதூரிலும் படிப்பிக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அறிவாகச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். கடல் 4000 மீற்றர் ஆழம் என்றால் அலை செக்கனுக்கு ஏறக்குறைய 200 மீற்றர் ஓடும். சுமாத்திரா அருகே நிலநடுக்கம் தொடங்கிய புள்ளியிலிருந்து நமக்கு 1700 கிலோமீற்றர் அளவு. கணக்குப் போட்டால் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் அலை அதைவிட முந்தியே வந்தது. ஏனென்றால் உடைந்தது ஒரு புள்ளி அல்ல, வடக்கு நோக்கி 1200 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட பிளவு. பௌதிகவியல் ஆசிரியரும் நீங்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய பாடம் இது. மாவட்டச் செயலகத்தில் உள்ள அனர்த்த முகாமைத்துவப் பிரிவினரை ஒரு முறை போய்ச் சந்தியுங்கள். இந்து சமுத்திர நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆழிப்பேரலை ஒத்திகைகளில் இலங்கையும் பங்கெடுக்கிறது. ஒத்திகை நடக்கும் காலத்தில் உங்கள் பாடசாலையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம்.

இணையப் பக்கம் வருவோம். மூன்றை மட்டும் சொல்கிறேன், இருபதைச் சொன்னால் ஒன்றையும் திறக்க மாட்டீர்கள்.

முதலாவது குளோப் திட்டம், பாடசாலைகள் தம் சுற்றாடலை அளந்து இணையத்தில் பதியும் உலகத் திட்டம். அமெரிக்காவின் நாசா ஆதரவில் 1995இலிருந்து நடக்கிறது, இலங்கையும் அதில் ஓர் அங்கத்துவ நாடு. ஆசிரியருக்கான பயிற்சி அலகுகள் இணையத்தில் இலவசம். கைத்தொலைபேசிச் செயலியில் முகிலைப் பார்த்துப் பதிவு செய்யலாம். செய்மதி நம் தலைக்கு மேலால் போகும் நேரத்தை ஒட்டிப் பதிந்தால், நீங்கள் கீழிருந்து கண்டதையும் அது மேலிருந்து கண்டதையும் ஒப்பிட்டு மின்னஞ்சல் வரும். அந்த மின்னஞ்சலை வகுப்பில் காட்டிப் பாருங்கள்.

இரண்டாவது 'ஏர்த் லேர்னிங் ஐடியா'. 2008 சர்வதேச புவிக் கோள் ஆண்டை ஒட்டிப் பிரித்தானிய ஆசிரியர்கள் தொடங்கியது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலும் செய்யக்கூடிய நூற்றுக்கணக்கான செயற்பாடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு பக்கம்தான், ஆங்கிலமும் எளிது. எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் இதிலிருந்தே தொடங்குங்கள்.

மூன்றாவது, யுனெஸ்கோவின் கடல்மட்டக் கண்காணிப்புத் தளம். உலகத் துறைமுகங்களின் வரிசையில் திருகோணமலையும் இருக்கிறது. நம் துறைமுகத்தில் கடல் ஏறி இறங்குவதை வரைபாக, தரவு வரும் நாட்களில், இலவசமாகப் பார்க்கலாம். அமாவாசை, பறுவக் காலத்துப் பெரிய வற்றுப்பெருக்கையும் இடையில் வரும் சிறிய வற்றுப்பெருக்கையும் நம் துறைமுகத்தின் கோட்டிலேயே காட்டலாம். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுகளை அவர்களே சொல்லித் தருவார்கள், நீங்கள் திசையையும் மாதத்தையும் எழுதினால் போதும்.

ஆங்கிலத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நாங்கள் நான்கு பேர் ஒரு மடிக்கணினியின் முன்னால் இருந்து பார்க்கிறோம். ஒருவர் ஆங்கிலத்தில் வல்லவர், ஒருவர் பாடத்தில். பார்த்து முடிந்ததும் ஒருவர் அதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. எழுதுகிறவருக்குத்தான் கூடுதலாக விளங்குகிறது, அதனால் முறை வைத்து மாற்றுகிறோம்.

இன்னொரு வழியையும் விட்டுவிடாதீர்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடிகள் திட்டம் பாடசாலைகளில் நடக்கிறது. பொறுப்பாசிரியராக இருப்பது மேலதிக வேலைதான், ஆனால் அதன்மூலம் துறை சார்ந்த ஆட்களின் அறிமுகம் கிடைக்கும். புறாமலைத் தீவு தேசிய பூங்கா என்பதால் அங்கே போவதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தோடு பேச வேண்டும், ஒரு பவளத் துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல்வொச் நிற அட்டையைக் கொண்டு பவளம் வெளிறியிருக்கிறதா என்று பார்க்க ஆசிரியர்களே பழகலாம்.

பெண் ஆசிரியர்களுக்கு இருக்கும் கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். வெருகலிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் சனிக்கிழமை நகரத்துக்கு வந்து பின்நேரம் திரும்புவது லேசான காரியமில்லை. அதனால் கூட்டத்தை எப்போதும் நகரத்திலேயே வைக்காமல், ஒரு முறை மூதூர், ஒரு முறை கிண்ணியா, ஒரு முறை குச்சவெளி என்று மாற்றுங்கள். போகிற இடத்தில் ஒரு கிணறோ கடற்கரையோ கட்டாயம் இருக்கும், அதுவே அன்றைய பாடம். வெளியே போவதற்கு முன் அதிபரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், நாள் பாடசாலை நாளாக இருந்தால் கடமை லீவுக்கும் அப்போதே எழுதிக் கொடுங்கள்.

சரி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், மழைமானி. அடி தட்டையான, வாய் முதல் அடி வரை நேரான பக்கங்கள் உள்ள போத்தலும் அடிமட்டமும் போதும். கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி வையுங்கள். காலை எட்டரைக்கு வாசியுங்கள், வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறது, ஒப்பிட வசதி. நமக்கு வருடத்தில் கிடைக்கும் 1600 மில்லிமீற்றர் அளவான மழையில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடும். ஆகவே செப்டெம்பர் முடியமுன் மானியை நட்டுவிடுங்கள். லீவு நாட்களில் வாசிக்கப் பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு உள்ள இரண்டு பிள்ளைகளை இப்போதே பிடித்து வையுங்கள்.