கிங்ஸ் காம்பிட் தோற்றுவிட்டதா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

1851ஆம் ஆண்டின் ஆண்டர்சன் – கீசரிட்ஸ்கி சதுரங்க ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்த நாள்முதல், வெள்ளைக் காய்கள் கிடைக்கும்போதெல்லாம், இரண்டாவது நகர்த்தலில் எஃப்4 சிப்பாயைப் பலியாக நீட்டும் கிங்ஸ் காம்பிட் என்ற தொடக்கத்தையே ஆடிவருகிறேன். சென்ற வாரம் என் கணினியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க எஞ்சினை, அதாவது சதுரங்கம் ஆடும் மென்பொருளை, அதனுடனேயே மோதவிட்டேன். அந்தப் பலிச் சிப்பாயைக் கறுப்பு வெட்டியபின் 3.குதிரை எஃப்3 ஜி5 4.எச்4 ஜி4 வரை நானே நகர்த்தி, அங்கிருந்து பத்து ஆட்டங்களை ஆடச்செய்தேன். மூன்றில் கறுப்பு வென்றது, ஏழு டிராவாயின, வெள்ளை ஒன்றில்கூட வெல்லவில்லை. கணினி தீர்ப்பு வழங்கிவிட்ட ஒரு தொடக்கத்தை இனியும் ஆடுவது பிடிவாதம்தானே?

அன்புடன்,
வ.

அன்புள்ள வ.,

நீங்கள் அந்த மூன்று தோல்விகளைப் பார்க்கிறீர்கள். நான் ஏழு டிராக்களைப் பார்க்கிறேன். இரண்டாவது நகர்த்தலிலேயே தன் ராஜாவுக்குப் பக்கத்து பிஷப்பின் முன்னிருக்கும் சிப்பாயைப் பலியாகக் கொடுத்து, ராஜாவுக்குச் செல்லும் மூலைவிட்டத்தையும் திறந்துவைக்கும் ஒரு தொடக்கம், அநேகமாகப் பிழையே செய்யாத எதிரியிடம் பத்துக்கு ஏழு முறை உயிர்பிழைத்திருக்கிறது என்பதுதான் உங்கள் சோதனையில் எனக்கு வியப்பளித்த செய்தி.

எஞ்சின் போட்டிகளில் தொடக்கங்களை ஏன் முன்கூட்டியே நிர்ணயிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஆட்டத்தின் முதல் நிலையிலிருந்து ஆடவிட்டால் இன்றைய வலிமையான எஞ்சின்கள் ஏறக்குறைய எல்லா ஆட்டங்களையும் டிரா செய்துவிடும். ஆகவே ஒரு தரப்புக்குச் சற்றே சாதகமான, வெற்றிக்கும் டிராவுக்கும் இடையிலுள்ள விளிம்பில் நிற்கும் நிலைகளைத் தேடியெடுத்து, ஒவ்வொரு நிலையையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவைக்கிறார்கள். சாதகமான பக்கத்தில் இரண்டு எஞ்சின்களுமே வென்றால் கணக்கு சமனாகிவிடும். ஒன்று வென்று மற்றொன்று டிராவோடு நின்றால்தான் எது வலியது என்று தெரியும். அங்கே தொடக்கம் எடைக்கல், நிறுக்கப்படுவது எஞ்சின். நீங்கள் தட்டை மாற்றி, எஞ்சினை எடைக்கல்லாக வைத்துத் தொடக்கத்தை எடைபோட்டிருக்கிறீர்கள். அதில் தவறில்லை. ஆனால் அப்படி நிறுப்பதற்குச் சில முன்னேற்பாடுகள் வேண்டும்.

முதலாவது, எந்த நகர்த்தலில் கையை எடுக்கிறோம் என்பது. நீங்கள் கிங்ஸ் காம்பிட்டைச் சோதிக்கவில்லை. அதன் ஒரு கிளையைச் சோதித்திருக்கிறீர்கள். ஜி5 என்பதைக் கறுப்புக்காகவும், எச்4 என்பதை வெள்ளைக்காகவும் தேர்ந்தது நீங்கள். நீங்கள் விட்ட இடத்தில் வெள்ளைக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. குதிரையை இ5க்குக் கொண்டுபோனால் அது கீசரிட்ஸ்கி கிளை. ஜி5க்குக் கொண்டுபோனால் அது ஆல்கையர் கிளை. அங்கே கறுப்பு எச்6 என்று விரட்டியதும் அந்தக் குதிரையை எஃப்7இல் பலியிட்டே தீரவேண்டும். எஞ்சின் ஒவ்வொரு முறையும் முதல் வழியையே எடுத்திருக்கும் என்பது என் ஊகம். இரண்டாவது வழியை நீங்களே நகர்த்திவைத்துவிட்டுக் கையை எடுத்திருந்தால் ஏழு டிராக்கள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

இரண்டாவது, அந்தப் பத்து ஆட்டங்களில் எத்தனை உண்மையிலேயே வெவ்வேறானவை? ஒரே நிலையிலிருந்து ஒரே எஞ்சினை, ஒற்றைச் செயலிழையில் (ஒரே கணக்கீட்டு ஓட்டத்தில்), எத்தனை நகர்த்தல்கள் முன்னோக்கிப் பார்க்கவேண்டும் என்ற ஆழத்தையும் மாற்றாமல் தேடவைத்தால் அது முந்தைய ஆட்டத்தை வரி மாறாமல் திருப்பி ஆடும். மூன்று தோல்விகளும் ஒரே தோல்வியின் மூன்று பிரதிகளாக இருக்கக்கூடும். டிராக்களுக்கும் அதே ஐயம் பொருந்தும் என்பதை என் வாதத்துக்கு எதிராக நானே சொல்லிவிடுகிறேன்.

இனி தீர்ப்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்தத் தொடக்கத்துக்குத் தீர்ப்பு எழுத முயன்றவர்களில் கணினிக்கு முன்னோடி அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஃபிஷர். 1960இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் சோவியத் ஆட்டக்காரர் ஸ்பாஸ்கியிடம் இதே கீசரிட்ஸ்கி கிளையில் தோற்றபின், 1961இல் அவர் ஒரு கட்டுரை எழுதி, மூன்றாவது நகர்த்தலில் கறுப்பு டி6 ஆடினால் வெள்ளை தோற்றே தீரும் என்று அறிவித்தார். டி6 நல்ல தற்காப்பு என்பதை எஞ்சின்களும் ஒப்புக்கொள்கின்றன. தோல்வி உறுதி என்பதை இன்றுவரை எவரும் நிறுவவில்லை. அறிவித்தவரே 1963இல் அமெரிக்கச் சாம்பியன் போட்டியில், மூன்றாவது நகர்த்தலில் பிஷப்பை சி4க்குக் கொண்டுவந்து இதே காம்பிட்டை ஆடி வென்றார் என்பது கதையின் சுவையான பகுதி. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் முட்டாள்கள் தினத்தையொட்டி, ரிப்கா எஞ்சினை உருவாக்கிய வாசிக் ராய்லிச் கிங்ஸ் காம்பிட்டை முழுவதுமாகத் தீர்த்துவிட்டதாக ஒரு வேடிக்கைச் செய்தி வெளியானபோது, விவரமறிந்தவர்களே பலர் நம்பிவிட்டார்கள்.

உண்மையில் கணினி ஐயத்துக்கிடமின்றித் தீர்த்துவைத்திருப்பது, ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் ஏழு காய்கள் அல்லது அதற்கும் குறைவாக எஞ்சியிருக்கும் நிலைகளைத்தான். கறுப்பு எஃப்4 சிப்பாயை வெட்டியெடுத்த கணத்தில் பலகையில் முப்பத்தோரு காய்கள் இருக்கின்றன. அங்கே எஞ்சின் காட்டும் எண், எந்தப் பக்கம் எவ்வளவு முன்னிலை என்பதைச் சிப்பாய்க் கணக்கில் சொல்லும் மதிப்பீடு மட்டுமே. இந்தத் தொடக்கத்தில் அது பெரும்பாலும் கறுப்புக்குச் சாதகமாக அரைச் சிப்பாயைச் சுற்றியே அலைகிறது. ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பிலிருந்து, ஒன்று என்ற மதிப்பு, அந்த எஞ்சின் தன்னோடே ஆடும்போது வெற்றிக்கு ஐம்பது விழுக்காடு வாய்ப்பு என்று பொருள்படும்படி அளவை அமைத்திருக்கிறார்கள். அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் உங்கள் மூன்று தோல்விகளும் ஏழு டிராக்களும் அதிர்ச்சி தருபவையல்ல. கறுப்புக்கு மேல்கை உண்டு, வெற்றி உறுதியில்லை என்பதே அவற்றின் பொருள்.

பிடிவாதமா என்று கேட்டிருந்தீர்கள். நானே இதை ஆடுவதை நிறுத்திப் பல காலமாகிறது. ஆனால் எஞ்சினுக்கு அஞ்சியல்ல. மூன்றாவது நகர்த்தலில் டி5 ஆடி, வாங்கிய சிப்பாயைப் பெருந்தன்மையோடு திருப்பித் தந்துவிட்டு அமைதியாகக் காய்களை வெளிக்கொணரும் எதிரிகள் பெருகிவிட்டார்கள். அவர்களிடம் நான் தோற்றது குறைவு, சலித்தது அதிகம். ஆண்டர்சனைப்போல ஒரு பிஷப்பையும் இரண்டு யானைகளையும் ராணியையும் வாரிக்கொடுத்து மேட் செய்யும் ஆசையோடு அமர்பவனுக்கு அது பெரிய தண்டனை. உங்களுக்கு அந்தச் சலிப்பு இன்னும் வரவில்லையென்றால் ஆடுங்கள்.

சோதனையைத் தொடர விரும்பினால், ஜி5, டி5, டி6 ஆகிய மூன்று தற்காப்புகளுக்கும், பிஷப் சி4க்கு வரும் வழிக்கும் தனித்தனியே சில நிலைகளைத் தேர்ந்து, நேரத்தை அதிகமாக்கி, மீண்டும் ஓடவிடுங்கள். அதற்கு முன்பாக, ஏற்கெனவே கையிலிருக்கும் அந்த ஏழு டிராக்களை எனக்கு அனுப்பிவையுங்கள். வெள்ளை ராஜா எந்தக் கட்டத்தில் ஒளிந்து தப்பினார் என்பதைப் பார்க்கவேண்டும்.