போட் இருக்கிற கையில் கனுலா போடலாமா?

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அம்மாவுக்கு இடப்பக்க மார்பகப் புற்றுநோய். கமக்கட்டு நிணநீர்க் கணுக்களையும் எடுத்தாச்சு. கீமோவுக்காக வலது மேற்கையில போட் (தோலுக்குக் கீழ பதிக்கிற, மருந்து ஏத்துற சின்னக் கலன்) வைச்சிருக்கு. இப்ப காய்ச்சலோட வாட்டில நிக்கிறா. இரத்தமும் ஏத்த வேணும், அன்ரிபயோட்டிக்கும் குடுக்க வேணுமாம். ரெண்டு கையிலயும் குத்தக்கூடாதெண்டால் எங்க குத்துறது?”

வலக்கையில் கனுலா (நாளத்துக்குள் விட்டுவைக்கும் சிறு குழாய்) குத்தலாம். ஆனால் இடம் பார்த்துக் குத்த வேண்டும்.

போட்டிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய் மேற்கை நாளத்துக்குள் புகுந்து, தோளடியால் போய், இதயத்துக்குச் சற்று மேலே பெருநாளத்தில் முடிகிறது. (ஊரில் “நரம்பு கிடைக்கேல்லை” என்று சொல்வதும் இந்த நாளத்தைத்தான்.) குழாய் கிடக்கிற நாளத்தில் இரத்தம் ஏற்கெனவே ஒடுங்கித்தான் ஓடும். அங்கே இன்னோர் ஊசி ஏறினால் குழாய் துளைபடலாம், இரத்தமும் உறையலாம். உங்கள் அம்மாவுக்கு முழங்கைக்குக் கீழே அந்தக் குழாய் இல்லை. ஆகவே வைத்தியர் சம்மதித்தால் முன்கையிலோ புறங்கையிலோ கனுலா போடலாம். நாளம் புடைக்கக் கட்டும் ரப்பர் பட்டியையும் முழங்கைக்குக் கீழேயே கட்டச் சொல்லுங்கள். பிரஷர் பட்டி போட்டுக்கு மேல் வரவே கூடாது, காலில் பார்க்கலாம்.

அதற்கு முதல் ஒன்று கேளுங்கள்: போட்டையே ஏன் பாவிக்கவில்லை? அதற்கென்றே உள்ள ஹியூபர் ஊசி வாட்டில் இல்லாமலிருக்கலாம், பழகிய தாதி அன்று இல்லாமலிருக்கலாம். சாதாரண ஊசியால் போட்டைக் குத்தினால் அதன் மேல்மூடி பழுதாகும், அதனால் அவர்கள் தயங்குவது சரிதான். ஹியூபர் ஊசி இருந்து, போட்டில் பின்னிழுத்துப் பார்க்கும்போது இரத்தம் வந்தால், அன்ரிபயோட்டிக் அதில் போகட்டும், இரத்தம் கனுலாவில் ஏறட்டும். ஒரே குழாயில் இரண்டையும் சேர்த்து விடமுடியாது. இரத்தத்தோடு சேலைன் மட்டும்தான் போகலாம். அவசரமில்லையென்றால் ஒன்று முடிய மற்றதை ஏற்றலாம், இரண்டாவது குத்தே தேவைப்படாது.

காய்ச்சல் போட்டிலிருந்தே கிளம்பியிருக்கவும் கூடும். அன்ரிபயோட்டிக் தொடங்கமுன் போட்டிலிருந்தும் வேறொரு நாளத்திலிருந்தும் இரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமிச் சோதனைக்கு) அனுப்பினார்களா என்று விசாரியுங்கள். போட்டுக்குள் சேலைன் செலுத்திக் கழுவியவுடன் நடுக்கம் வந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

கணுக்கள் எடுத்த பக்கம் என்பதால், கை வீங்கிவிடுமென்று இடக்கையை முன்பு அறவே தொடவிடமாட்டோம். இப்போது அந்தக் கண்டிப்பு தளர்ந்து வருகிறது. என்றாலும் கணுக்களை முழுதாக எடுத்த கை என்றால், வேறு வழியில்லாதபோது மட்டுமே நான் அதை நாடுவேன்.

மார்பில் போட் வைத்தவர்களுக்கு இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை, கைக்குள் குழாய் ஓடாது.

கனுலா போட்டபின் வலக்கை வீங்கினாலோ, தோளும் கழுத்தும் நொந்தாலோ விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். இரவென்றாலும் தாதியை எழுப்புங்கள்.