காலை வரத்தும் மாலை வரத்தும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, கிருஷ்ணகிரியில் எங்கள் குடும்பம் மாங்காய் மண்டி நடத்துகிறது. ரகத்தின் பெயரைக் கீயாகவும் எடையை மதிப்பாகவும் வைத்து, காலை வரத்தையும் மாலை வரத்தையும் ஜாவா நிரல்மொழியில் இரண்டு ஹாஷ்மேப்களாக (கீயைக் கொண்டு மதிப்பைத் தேடும் அட்டவணைகளாக) எழுதியுள்ளேன். புட்ஆல் (putAll) என்னும் கட்டளை கொண்டு இவற்றை ஒன்றாக்கினால் மொத்த எடை குறைந்துவிடுகிறது. காரணம் என்ன?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: புட்ஆல் எதையும் கூட்டுவதில்லை. இரண்டாம் மேப்பில் உள்ள ஒவ்வொரு பதிவையும் முதல் மேப்பில் எழுதி வைப்பது மட்டுமே அதன் வேலை. ஒரு மேப்பில் ஒரு கீ ஒரு முறைதான் இருக்க முடியும் என்பதால், பெங்களூரா ரகம் காலையில் 400 கிலோவும் மாலையில் 250 கிலோவும் வந்திருந்தால், 400 அழிந்து 250 மட்டுமே நிற்கும். காலையில் மட்டும் வந்த செந்தூராவுக்கும் மாலையில் மட்டும் வந்த நீலத்துக்கும் எந்தப் பாதிப்பும் இராது. ஆகவே பட்டியல் பார்வைக்குச் சரியாகவே தோன்றும். பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் விவசாயியின் கணக்கு குறைந்துவிடுகிறது என்பதால், நிரல் பாதியில் நின்றுபோவதைவிட இதையே நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன்.

2014-இல் வெளிவந்த ஜாவா 8 முதல், மேப்புக்கு மெர்ஜ் (merge) என்னும் மெத்தட், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் செயல்பாடு, உண்டு. கீ, புதிய மதிப்பு, அந்தக் கீ ஏற்கெனவே இருந்தால் இரு மதிப்புகளையும் என்ன செய்வது என்று சொல்லும் ஃபங்ஷன் ஆகிய மூன்றையும் அது கேட்டுப் பெறுகிறது. மாலை மேப்பின் ஒவ்வொரு பதிவுக்கும் மெர்ஜை அழைத்து, மூன்றாவதாக, இரு எண்களைக் கூட்டித் தரும் இன்டிஜர் வகுப்பின் சம் (Integer::sum) மெத்தடைக் கொடுத்தால் 650 கிடைக்கும். எடைக்கு இது பொருந்தும். கிலோ விலையை இப்படிக் கூட்டக் கூடாது. அங்கே பிந்தைய விலை நிற்பதே முறை என்பதால் புட்ஆலே போதும்.

காலைக் கணக்கு தனியாகவும் வேண்டுமெனில், முதலில் காலை மேப்பைக் கொண்டு புதிய ஹாஷ்மேப் ஒன்றை உருவாக்கி, அதில் மாலை வரத்தைச் சேருங்கள். எண்களுக்கு இந்த நகல் போதும். மதிப்பு எடையாக இல்லாமல், விவசாயிகளின் பெயர்கள் போன்ற ஒரு லிஸ்டாக இருந்தாலோ, நகலும் மூலமும் அதே லிஸ்டையே சுட்டும்; நகலில் ஒரு பெயரைச் சேர்த்தால் மூலத்திலும் அது சேர்ந்துவிடும். அப்போது ஒவ்வொரு லிஸ்டையும் தனித்தனியே நகலெடுக்க வேண்டும்.

பின்னாளில் ரகத்தோடு தரத்தையும் இணைத்துக் கீக்கென்று ஒரு வகுப்பை நீங்களே எழுதினால், அதில் இரு பொருள்கள் சமமா என்று சொல்லும் ஈக்வல்ஸ் (equals), கீயைத் தேட உதவும் எண்ணைத் தரும் ஹாஷ்கோட் (hashCode) என்னும் இரண்டு மெத்தட்களையும் எழுத மறவாதீர்கள். அவை இல்லாவிட்டால் ஒரே ரகம், ஒரே தரம் என்றாலும் இரு பொருள்கள் இரு கீகளாகவே கொள்ளப்பட்டு, மெர்ஜ் அழைத்தும் 400-உம் 250-உம் தனித்தனி வரிகளாக நிற்கும். 2021-இல் வந்த ஜாவா 16 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உங்களிடம் இருந்தால், சாதாரண வகுப்புக்குப் பதில் ரெக்கார்டாக (தரவை வைத்திருப்பதற்கென்றே உள்ள சுருக்கமான வகுப்பு வடிவமாக) எழுதுங்கள். அவ்விரு மெத்தட்களும் தாமாகவே கிடைத்துவிடும்.